பெரிசே எடுத்துக்கலாம்

நாலு நாளாகக் காற்று. சும்மா வந்து தடவிவிட்டுப் போகிற காற்று இல்லை. ஜன்னலைப் பிடித்து உலுக்கும். கொடியில் கிடக்கிற துணியை உருவிக்கொண்டுபோய் மூன்றாவது வீட்டுக் கூரையில் போடும். தெருவில் நின்று பேசுகிறவர்களின் பேச்சைப் பாதியிலேயே பிடுங்கிக்கொள்ளும். அந்த மாதிரிக் காற்றில் கட்டட வேலை நடக்கிற இடத்தில் கிரேன் ஓட்டமாட்டார்கள். அதன் நீளக் கையைப் பூட்டாமல், அடிக்கிற காற்றோடு தானாகத் திரும்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, ஓட்டுகிறவர் ஏணியில் இறங்கி வீட்டுக்குப் போய்விடுவார்.

தெருவின் கடைசி வீட்டுக் கிரேன்காரரும் அப்படித்தான் நாலு நாளாக வீட்டில் இருந்தார். அவர் மனைவியின் தம்பியும் கூடவே இருந்தான். கிரேன் தூக்கப்போகிற சுமைக்குத் தரையில் நின்று கொக்கி மாட்டுவது அவன் வேலை. அதனால் அவன் பெயரும் கொக்கி. பிறந்தபோது வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்கமாட்டான். மாமாவும் மச்சினனும் சாப்பிட்ட தட்டைக் கழுவிவைத்தால் அடுத்த நிமிஷம் டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். கார்ப் பந்தய விளையாட்டு. பாதை முழுவதும் உயரத்திலிருந்து பார்ப்பதுபோல் தெரியும், இருவர் காரும் ஒரே படத்தில் ஓடும். போன வருஷம்வரை கிரேன்காரரை அதில் யாரும் ஜெயித்ததில்லை. "நான் தினமும் மேல இருந்துதானே பாக்குறேன்" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். இப்போது தோற்றுக்கொண்டே இருந்தார்.

"போச்சு! மாமா, பதினோராவது தடவை. சுவத்துல பல்லி ஒட்டுற மாதிரி போய் ஒட்டிக்கிட்டீங்க."

"நான் திருப்பிட்டேன் மாப்ள. டிவி லேட்டு."

"டிவி எப்படி மாமா லேட்டாகும்? அது என்ன பஸ்ஸா?"

சோபாவின் கைப்பிடியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மகள் குறுக்கே விழுந்தாள். பதினாலு வயசு. வாயாடி என்று அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அதையே அவள் பட்டமாக வைத்துக்கொண்டாள். "ஆகும் மாமா. அதுக்குப் பேரு லேக். நாம பட்டனை அழுத்துறோம் இல்ல, அதுக்கும் கார் திரும்புறதுக்கும் நடுவுல கொஞ்சம் நேரம் போகும். பழைய டிவில அது ஜாஸ்தி."

"பாத்தியா? படிச்ச பொண்ணு சொல்லுது."

"அந்தப் படிச்ச பொண்ணு இதே டிவில உங்களை ஏழு தடவை தோக்கடிச்சுதே, அதுக்கு லேட்டாகலியா?"

கிரேன்காரர் கையிலிருந்த விளையாட்டு ரிமோட்டைத் தூக்கிச் சோபாவில் எறிந்தார். "புது டிவி வாங்கிடலாம். இன்னிக்கே போவோம்" என்றார். வாயாடி துள்ளிக் குதித்தாள். கொக்கி விசில் அடித்தான்.

சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த மனைவியின் கத்தி நின்றது.

அவளை வேலையிடத்தில் லைட்டக்கா என்பார்கள். பாட்டில் தொழிற்சாலையில் அவள் பாட்டில் பார்க்கிறவள். வெள்ளை வெளிச்சம் போட்ட பலகைக்கு முன்னால் உட்கார வேண்டும். பாட்டில்கள் வரிசையாக ஊர்ந்துகொண்டே போகும். விரிசல், குமிழி, வாய் நெளிந்தது என்று எது கண்ணில் பட்டாலும் விரலால் தட்டித் தள்ள வேண்டும். அரைமணிக்கு ஒருதரம் ஆளை மாற்றுவார்கள், ஏனென்றால் கண் திறந்திருக்கும்போதே தூங்கிவிடும். தூங்கிவிட்டதா என்று பார்க்க சூப்பர்வைசர் ஒரு காரியம் செய்வார். விரிசல் விட்ட பாட்டில் ஒன்றை வேண்டுமென்றே வரிசைக்குள் நுழைத்துவிடுவார். திருட்டுப் பாட்டில் என்று அதற்குப் பெயர். அது யாரைத் தாண்டிப் போகிறதோ அவர் அன்றைக்கு விளக்கை விட்டு எழுந்துவிட வேண்டும். பதினாறு வருஷத்தில் லைட்டக்காவை ஒரு திருட்டுப் பாட்டிலும் தாண்டியதில்லை.

அப்படிப்பட்டவளுக்குப் பயம் போன வாரமே வந்துவிட்டது. காற்று தொடங்குவதற்கு முந்தின நாள் சாப்பிடும்போது கொக்கி ஒன்றைச் சொல்லிச் சிரித்தான். "இன்னிக்கு மாமா எனக்கு முடி வெட்டிவிட்டாருக்கா. சுவருக்கு வைக்கிற கான்கிரீட் பலகை ஒண்ணு, ரெண்டு டன்னு இருக்கும், என் காதை உரசுற மாதிரி போச்சு பாரு. ஒரு முழம்தான்."

"நீ எங்கடா நின்ன? மஞ்சக் கோட்டுக்கு வெளியதானே நிக்கணும்?"

"மேல இருக்கிறது எங்க மாமா. எனக்கு எதுக்குக்கா கோடு? கோடெல்லாம் மத்தவனுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள், கிரேன்காரரைத் தவிர. அவர் உப்பைத் தேடிக்கொண்டிருந்தார். உப்புக் கிண்ணம் தட்டுக்கு இடதுபக்கம், அவர் முழங்கையை ஒட்டி இருந்தது. விரலால் மேஜையைத் தடவித் தடவி அதைக் கண்டுபிடித்தார். லைட்டக்கா அதைப் பார்த்தாள். பார்க்காததுபோல் ரொட்டியைப் பிய்த்தாள். மறுநாள் காற்று வந்தபோது, துணியெல்லாம் பறந்து போனபோதும், நல்லவேளை என்றுதான் நினைத்தாள். இந்த நாலு நாளும் காற்றின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கினாள். சத்தம் குறைந்தால் விழித்துக்கொள்வாள்.

மத்தியானம் நாலு பேரும் பஸ் ஏறிக் கடைக்குப் போனார்கள்.

பெரிய கடை. ஒரு பக்கம் துணி துவைக்கிற மெஷின்கள், ஒரு பக்கம் பிரிட்ஜ்கள், கடைசிச் சுவர் முழுக்க டிவி. நாற்பது டிவி இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே ஏரி, ஏரி நடுவில் ஒரே சிவப்புப் படகு, படகுக்கு மேலே வெள்ளைப் பறவைகள். நாற்பது ஏரியும் ஒரே நேரத்தில் மின்னுவதைப் பார்த்தால் தலை சுற்றும். விற்பனைப் பெண் காலையிலிருந்து நின்றவள் போலிருக்கிறது. ஒரு செருப்பைக் கழற்றி அந்தக் காலை மற்றக் காலின் மேல் வைத்து, கொக்கு மாதிரி நின்றுகொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் அவசரமாகச் செருப்பை மாட்டினாள்.

"வாங்க சார், வாங்க அக்கா. படம் பாக்கவா, கேம் ஆடவா?"

"ரெண்டுக்கும்" என்றாள் வாயாடி. "லேக் இருக்கக் கூடாது. நூத்தி இருபது ஹெர்ட்ஸ் வேணும். கேம் மோட் தானா ஆன் ஆகணும்."

"பாப்பா நம்ம கடைக்கு வேலைக்கு வந்துடலாம் போல" என்று சிரித்தாள் அந்தப் பெண். "சோபாவுக்கும் டிவிக்கும் எவ்வளவு தூரம் இருக்கும் வீட்டுல?"

"ரெண்டு எட்டு" என்றான் கொக்கி. "எங்க மாமா எட்டு. என் எட்டுன்னா ஒண்ணரை."

"அப்படின்னா ஐம்பத்தஞ்சு இஞ்ச் தாராளமா எடுக்கலாம். இதோ பாருங்க. ஓரத்துல இருந்து பாத்தாலும் கலர் மாறாது. சத்தமும் நல்லா வரும், தனியா ஸ்பீக்கர் தேவையில்ல. பட்டனை அழுத்துன உடனே கார் திரும்பும். ஆடிப் பாக்கறீங்களா? கேம் பெட்டி இணைச்சுதான் வச்சிருக்கோம்."

கிரேன்காரர் ஆடினார். எதிரே கொக்கி. முதல் வளைவிலேயே இடது ஓரத்திலிருந்து வந்த லாரியில் நேராகப் போய் மோதினார். இன்னொரு தரம். வலது ஓரத்துக் கம்பத்தில் மோதினார்.

"இதுவும் லேட்டு" என்றார்.

விற்பனைப் பெண்ணின் முகம் சுருங்கியது. "இல்ல சார், இதைவிட வேகமா நம்ம கடையில எதுவும் கிடையாது."

"லேட்டும்மா. எனக்குத் தெரியாதா? இந்தக் கையால லிவர் பிடிக்கிறவன் நான்."

ஆடிக்கொண்டே ஒரு எட்டு பின்னால் வைத்தார். இன்னொரு எட்டு. கடைசியில் முதுகு ஒரு பிரிட்ஜில் இடித்து, உள்ளே இருந்த தட்டுகள் கலகலவென்று ஆடின. அங்கிருந்து ஆடியபோது மோதவில்லை. அப்புறம் அவர் பார்வை மூலையில் இருந்த ஒரு குட்டி டிவிமேல் போனது. இருபத்தி நாலு இஞ்ச், சமையலறை அலமாரியில் வைக்கிற மாதிரி. "பெட்டியை அதுல மாட்டு" என்றார். மாட்டினார்கள். அதில் கொக்கியை அடித்து நொறுக்கினார். ஒரு தரம் இல்லை, மூன்று தரம்.

"பாத்தியா! இதுதான் டிவி. இதையே எடுத்துக்கலாம்."

"அப்பா! இது டிவியா, தீப்பெட்டியா?" வாயாடிக்கு அழுகையே வந்துவிட்டது. "லேக் எல்லாம் இதுலதான் ஜாஸ்தி. அதுல பத்து, இதுல முப்பது. எழுதியே போட்டிருக்காங்க!"

"எல்லாரும் டிவிகிட்ட கிட்ட வருவாங்க" என்றாள் விற்பனைப் பெண், லைட்டக்காவிடம் மட்டும் கேட்கிற மாதிரி. "சார் மட்டும் பின்னாடி பின்னாடி போறாரு."

 லைட்டக்காவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வேகமான டிவியில் தோற்கிறார், மெதுவான டிவியில் ஜெயிக்கிறார். கிட்டே போனால் மோதுகிறார், தூரப் போனால் மோதவில்லை. இதில் டிவிக்குச் சம்பந்தம் எங்கே இருக்கிறது?

அவளுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். அதையே செய்தாள்.

"என்னங்க, வாங்குறது வாங்குவோம், பெரிசோட கலரையும் ஒரு தடவை பாத்துடலாம். இங்க வந்து நில்லுங்க. அந்தச் சிவப்புப் படகையே பாருங்க. கண்ணை எடுக்காதீங்க. சிவப்பு சிவப்பாத் தெரியுதா, ஆரஞ்சாத் தெரியுதான்னு சொல்லுங்க."

அவர் பெரிய டிவிக்கு முன்னால் நின்று படகைப் பார்த்தார். லைட்டக்கா அவருக்கு இடதுபக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், கொஞ்சம் முன்னால் போய் நின்றாள். நின்று, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒருநாளும் செய்யாத ஒன்றைச் செய்தாள். கண்ணை உருட்டி, நாக்கை முழுசாக வெளியே நீட்டி, அவருக்குப் பழிப்புக் காட்டினாள்.

வாயாடி "அம்மா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கொக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். விற்பனைப் பெண் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிரேன்காரர் படகைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சிவப்பு நல்ல சிவப்பாத்தான் இருக்கு."

லைட்டக்கா நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள்.  வலதுபக்கம் போனாள். அங்கேயும் காட்டினாள். இந்தத் தரம் அவள் உதடு நடுங்கியதால் பழிப்பு சரியாக வரவில்லை, அழுகிற மாதிரி இருந்தது.

"எதுக்குடா இப்படிச் சிரிக்கிறீங்க?" என்று கேட்டார் கிரேன்காரர். கேட்டுக்கொண்டே கொக்கி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். மனைவி அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், திடுக்கிட்டுப் பின்வாங்கினார். "நீ எப்ப இங்க வந்த?"

இரண்டு திருட்டுப் பாட்டிலும் தாண்டிப் போய்விட்டன.

மனுஷர் தவறு செய்தால் கூச்சல் போடலாம். கடையில், பிள்ளைக்கு முன்னால், இதற்கு என்ன கூச்சல் போடுவது?  கொக்கி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் காதையே பார்த்தாள். ஒரு முழம். இரண்டு டன்.

"அப்ப அந்தச் சின்னதுக்கு பில்லைப் போடட்டுமா சார்?"

"போடும்மா. எங்க கூடமும் சின்னதுதான்" என்றார் கிரேன்காரர்.

"பெரிசே எடுத்துக்கலாம்" என்றாள் லைட்டக்கா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். எந்தக் கடைக்குப் போனாலும் சின்னதைத் தொட்டுக் காட்டுகிறவள் அவள்.

"எதுக்கு? எனக்கு அது சரிப்பட்டு வரல."

"பெரிசே எடுத்துக்கலாங்க." குரல் உயரவில்லை. "ஓரம் வரைக்கும் எல்லாம் தெரியட்டும். வீட்டுல எல்லாருக்கும் தெரியட்டும்."

கிரேன்காரர் அவளைப் பார்த்தார். முகத்தை நேராகத் திருப்பி, நேராகவே பார்த்தார். நேராகப் பார்த்தால் அவருக்கு எல்லாம் தெரியும். அவள் கண்ணுக்குள் இருந்ததும் தெரிந்தது.  "சரி, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, கடை வாசலுக்கு மெதுவாக, ஒவ்வொரு பிரிட்ஜையும் கையால் தொட்டுத் தொட்டு நடந்தார்.

டிவியைச் சின்ன வேனில் ஏற்றினார்கள். கொக்கிதான் கயிறு கட்டினான். பெட்டி அசையக் கூடாது, அழுந்தவும் கூடாது. இரண்டு சுற்று, ஒரு முடிச்சு, முடிச்சுக்குள் விரலை விட்டுப் பார்த்தான். கட்டி முடித்து நிமிர்ந்தவன் மூக்கை மேலே தூக்கினான்.

"அக்கா, கவனிச்சியா? காத்து விழுந்துடுச்சு."

அவள் கவனிக்கவில்லை. கடைக்குள் இருந்த நேரத்தில் நின்றுபோயிருந்தது. மரத்தில் ஓர் இலை அசையவில்லை. கடை வாசலில் கொடிகள் கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தன. 

"நாளைக்கு மேஸ்திரி நம்மளைப் பிழிஞ்சு எடுத்துடுவாரு. நாலு நாள் வேலை தேங்கிக் கிடக்கு. முப்பத்தாறு பலகை மாமா! விடிஞ்சதும் ஆரம்பிச்சாதான் முடியும். நீங்க ஒண்ணை இறக்கும்போதே நான் அடுத்ததை ரெடி பண்ணிடறேன். கோட்டுக்கு வெளிய போயிப் போயி வந்துக்கிட்டிருந்தா கதைக்காகாது."

கிரேன்காரர் "ம்" என்றார். வண்டி கிளம்பியது.

வீட்டில் கொக்கியும் வாயாடியும் பெட்டியைப் பிரித்தார்கள். தெர்மாகோல் கிறீச்சிட்டது. "மாமா, ஓரத்தைப் பிடிங்க, நடுவுல கை வைக்காதீங்க, உடைஞ்சா நீங்கதான் டிவியா நிக்கணும்" என்று வாயாடி கொக்கியை விரட்டிக்கொண்டிருந்தாள். லைட்டக்கா அடுப்பில் உருளைக்கிழங்கை வேகவைத்தாள், வெங்காயத்தை அரிந்தாள். முட்டையை உடைக்கும்போது ஓடு உள்ளே விழுந்துவிட்டது, எடுத்தாள். கிரேன்காரர் கை கழுவுகிற சாக்கில் உள்ளே வந்தார். குழாயைத் திறந்து தண்ணீரை ஓடவிட்டார். சத்தம் வெளியே போகாமல் இருக்கத்தான்.

"கடையில என்ன பண்ணின?"

"நாக்கை நீட்டினேன். ரெண்டு பக்கமும்."

அவர் சிரிக்கவில்லை. சோப்பைத் திருப்பித் திருப்பித் தேய்த்தார்.

"வேலையிடத்துல வருஷா வருஷம் கண்ணு பாக்குறாங்களே" என்றாள்.

"எழுத்தைக் காட்டுவாங்க. எழுத்து நேரா இருக்கு. நேரா இருக்குறது ஊசி முனை வரைக்கும் தெரியுது எனக்கு."

"பக்கத்துல?"

"பக்கம்னு ஒண்ணு இல்ல."

"கறுப்பா இருக்கா?"

"கறுப்பா இருந்தா அன்னிக்கே பயந்து இறங்கியிருப்பேன். ஒண்ணும் இல்ல. இல்லாததை எப்படி இல்லைன்னு பாக்குறது?" தண்ணீரில் கையை வைத்துக்கொண்டே நின்றார். "டாக்டர்கிட்ட போனேன். கண்ணுக்குள்ள அழுத்தமாம். போனது போனதுதான், திரும்பாது. மருந்து ஊத்துனா மிச்சம் இருக்கிறது நிக்குமாம். வேலையிடத்துல காட்டச் சொல்லி எழுதிக் குடுத்தாரு. கிழிச்சுட்டேன்."

அவரைத் திட்டுவதற்கு உங்களுக்கு வாய் துடிக்கும். எனக்கும் துடிக்கத்தான் செய்தது. ஆனால் அந்த மனுஷர் அங்கே நின்ற நிலையைப் பாருங்கள்: சோப்பு கரைந்து பாதியாகிவிட்டது, அவருக்குத் தெரியவில்லை.

"எப்படிங்க ஓட்டுனீங்க?"

"மேல இருந்து பாத்தா எல்லாம் சின்னதா இருக்கும். அந்தக் கடையில இருந்த குட்டி டிவி மாதிரி. முழுசும் உள்ள அடங்கிடும்."

"அடங்காதப்ப?"

 "உன் தம்பி கீழ இருந்து ரேடியோல சொல்லுவான். இடது, வலது, நிறுத்துன்னு. அவன் குரலைப் பிடிச்சுக்கிட்டு ஓட்டிடுவேன்."

"அவன் உங்க கண்ணை நம்பி நிக்கிறான். நீங்க அவன் வாயை நம்பி ஓட்டுறீங்க." அவள் சேலை முனையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "அவன் மூச்சு விட ஒரு நிமிஷம் வாயை மூடினா?"

"நாளைக்கு ஒரு நாள். அந்த முப்பத்தாறு பலகை மட்டும். அதை முடிச்சுட்டு நானே சொல்லிடறேன். சத்தியமா."

"முப்பத்தாறு தடவை அவன் தலைக்கு மேலயா?"

"நான் பதினெட்டு வருஷமா மேலயே இருந்துட்டேன்மா. கீழ எனக்கு என்ன தெரியும்? கீழ நடந்தா இடிக்குது. மேல உட்காந்தாத்தான் நான் முழு ஆளு."

அதைக் கேட்டதும் அவளுக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, பிடித்துத் தள்ள வேண்டும் போலவும் இருந்தது. குழாயை மூடினாள்.

"நான் போய் அவன்கிட்ட சொல்லிடுவேன். சொல்ல எனக்குப் பயமில்ல. ஆனா அவன் நம்பமாட்டான். எங்க மாமாவை எனக்குத் தெரியும்னு சொல்லுவான். அதைக் காட்டுறதுக்குன்னே நாளைக்கு இன்னும் ரெண்டு எட்டு உள்ள வந்து நிப்பான். அவன் அப்படித்தான். உங்க வாயால வந்தாத்தான் அவன் கோட்டுக்கு அந்தப் பக்கம் போவான்."

அதற்குள் கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். "மாமா! ரெடி! வாங்க, இன்னிக்கு லேக் சாக்கு எல்லாம் செல்லாது!"

புது டிவி கூடத்துச் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. அதன் வெளிச்சத்தில் சோபாவின் கிழிசல், தரையின் கறை எல்லாம் புதுசாகத் தெரிந்தன. வாயாடி விளக்கை அணைத்துவிட்டாள். வெளியே இன்னும் முழுசாக இருட்டவில்லை. லைட்டக்கா தட்டுகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வாசற்படிக்குப் பக்கத்தில் நின்றாள். உட்காரவில்லை.

கிரேன்காரர் உட்கார்ந்தார். பின்னால் நகர இடமில்லை; சோபாவுக்குப் பின்னால் சுவர். ஆட்டம் தொடங்கியது. சிவப்புக் கார் கொக்கி, நீலக் கார் மாமா. முதல் சுற்றில் மாமா மோதவில்லை. இரண்டாவது சுற்றிலும் மோதவில்லை. மிகவும் மெதுவாக, நடுப்பாதையிலேயே, பக்கத்தில் எதுவும் இல்லாததுபோல் ஓட்டினார். நெற்றியில் வியர்வை பொடித்திருந்தது.

"கொக்கி எங்கடா போனான், காணோம்? தோத்து ஓடிட்டானா?" என்றார்.

வாயாடி பக்கென்று சிரித்தாள். அவள் அப்பா விளையாட்டாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தாள்.

மூன்றாவது சுற்றில், கடைசி வளைவில், சிவப்புக் கார் நீலக் காரை விலாவில் இடித்துப் பள்ளத்தில் தள்ளியது. கொக்கி இரண்டு கையையும் தூக்கிக் கத்தினான்.

கிரேன்காரர் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ எங்க இருந்து மாப்ள வந்த?"

"எங்க இருந்து வர்றது? பக்கத்துலயேதான் மாமா இருந்தேன்."

"எப்ப இருந்து?"

"ஆரம்பத்துல இருந்து. மூணு சுத்தும். உங்களை ஒட்டிக்கிட்டே வந்தேன், நீங்க எப்ப இடிப்பீங்க எப்ப இடிப்பீங்கன்னு." கொக்கி சிரித்துக்கொண்டே சொன்னான். "நீங்கதான் கண்டுக்காத மாதிரி நடிச்சீங்க. நடிப்புல உங்களை அடிச்சுக்க முடியாது."

லைட்டக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

கிரேன்காரர் கையிலிருந்ததை மடியில் வைத்தார். "நான் நடிக்கல" என்றார்.

"சும்மா இருங்க மாமா."

"மாப்ள, இங்க பாரு. நடிக்கல. நீ அங்க இருந்தது எனக்குத் தெரியல. இதுல மட்டும் இல்ல." பள்ளத்தில் கிடந்த நீலக் காரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "போன வாரம் நீ நின்னதும் எனக்குத் தெரியாது. பலகை எங்க போகுதுன்னு தெரியும். நீ எங்க நிக்கிறேன்னு தெரியாது. நீ கத்தினதை வச்சு நிறுத்தினேன்."

"நான் கத்தல மாமா" என்றான் கொக்கி.

"கத்தினியே. ரேடியோல."

"கத்தினது நான் இல்ல. பக்கத்துல சிமெண்டு கலக்குறவரு யாரையோ கூப்பிட்டாரு. அதுதான் என் ரேடியோல விழுந்திருக்கும்."

 டிவியில் வெற்றிக்குப் போடுகிற இசை திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது, நல்ல டிவி, சத்தம் நன்றாகத்தான் வந்தது. வாயாடி எழுந்துபோய் அதை நிறுத்தினாள். கொக்கியின் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. ஆனால் அதை எடுக்க மறந்துவிட்டவன் மாதிரி இருந்தான். கை தானாகப் போய்த் தன் காதைத் தொட்டுப் பார்த்தது. அப்புறம் அவனுக்குக் கை கால் எல்லாம் உதறத் தொடங்கியது. குளிர்காய்ச்சல் வந்தவன் மாதிரி பல் அடித்துக்கொண்டது. லைட்டக்கா ஓடிப்போய் அவனைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள்.

"அக்கா, உனக்குத் தெரியுமா?"

"இன்னிக்குத்தான்டா. கடையிலதான்."

கிரேன்காரர் போனை எடுத்தார். மேஸ்திரியின் எண்ணைத் தேட, போனை முகத்துக்கு நேராகக் கை எட்டுகிற தூரம் தள்ளிப் பிடித்தார். அழைத்து, ஸ்பீக்கரில் போட்டுத் தொடைமேல் வைத்தார். தனியாகப் பேச அவருக்குத் தெம்பில்லை.

"சொல்லுய்யா!" மேஸ்திரியின் குரல் கூடம் முழுக்க வந்தது. "நானே கூப்பிட இருந்தேன். காத்து நின்னாச்சு. அஞ்சரைக்கு ஏறிடு."

"நாளைக்கு என்னை ஏத்தாதீங்க மேஸ்திரி. வேற ஆளைப் பாருங்க."

"என்ன விளையாடறியா? நாலு நாள் தூங்கினது பத்தலியா? உடம்புக்கு என்ன?"

"கண்ணு."

அந்தப் பக்கம் மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தார். "என்னைப் போய்க் கண்ணுங்கிறியே! வீட்டுல கொஞ்ச வேண்டியதை இங்க கொஞ்சாதய்யா. தங்கச்சி பக்கத்துல இருக்கா, இல்லியா?"

வாயாடிக்கு அவ்வளவு பயத்திலும் சிரிப்பு முட்டியது. கிரேன்காரரின் வாயும் கொஞ்சம் விரிந்தது. அந்த நேரத்தில் அவரும் சிரித்திருந்தால் போதும். சும்மாதான் கூப்பிட்டேன், காலையில வந்துடறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கலாம். லைட்டக்கா அவர் வாயையே பார்த்தாள். பதினாறு வருஷத்தில் எந்தப் பாட்டிலையும் அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"கண்ணுன்னா, என் கண்ணு மேஸ்திரி" என்றார் கிரேன்காரர். "பார்வை. பக்கத்துல இருக்குறது எனக்குத் தெரியல."

சிரிப்பு நின்றது. மேஸ்திரி நாற்காலியிலிருந்து எழுகிற சத்தமும், ஒரு கதவு சாத்துகிற சத்தமும் கேட்டன. குரல் கிட்ட வந்தது. "எத்தனை நாளா?"

லைட்டக்காவுக்கு அதைக் கேட்கத் தோன்றவே இல்லை. பத்து நாள் இருக்கும், மிஞ்சினால் ஒரு மாசம் என்று அவள் பாட்டுக்கு நினைத்திருந்தாள்.

"எட்டு மாசமா."

"எட்டு மாசமா கீழ அறுபது பேர்யா" என்றது குரல். அது திட்டவில்லை. திட்டினால் நன்றாக இருக்கும் என்று எல்லோருக்கும் தோன்றியது.  பிறகு மேஸ்திரி, யாரிடமோ வழி கேட்கிறவர் மாதிரி, தணிந்து கேட்டார்: "அந்தக் கொக்கிப் பய எங்க?"

"இங்கதான் இருக்கான்."

"முழுசா இருக்கானா?"

கிரேன்காரர், யாரும் கவனித்துவிடப் போகிறார்களே என்று இத்தனை நாள் செய்யாததைச் செய்தார். தலையை, தோளோடு சேர்த்து, இடதுபக்கம் முழுவதுமாகத் திருப்பினார். அக்காவின் கைக்குள் உதறிக்கொண்டிருந்தவனைத் தலையில் தொடங்கிக் கால்வரை, ஒரு காது, இன்னொரு காது, இரண்டு கை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்து முடித்தார்.

"இருக்கான் மேஸ்திரி" என்றார். "முழுசா இருக்கான்."